கார் நிறுத்தக் கேட்ட இடத்தில் வளர்ந்த புல்

சென்ற மாதம் திவ்யா போன் செய்தாள். அம்பத்தூரில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழிற்சாலையின் தோட்டத்தை இப்போது கவனிப்பவள் அவள்தான். "மேடம், நம்ம பின்பக்கப் புல்வெளிக்கு போர்டு வெச்சிருக்கோம். உப்பைத் தாங்குற நாட்டுப் புல், உள்ளூர் உயிரினங்களோட வீடுன்னு எழுதியிருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்களேன், வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். போர்டின் படத்தையும் அனுப்பியிருந்தாள். பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! பாதி போர்டை அடைத்துக்கொண்டு, தோகையை விரித்தபடி ஒரு மயில் நிற்கிறது.

அந்தப் புல்லுக்குள் மயில் வந்து நான் பார்த்ததே கிடையாது. வந்தது கவுதாரி. ஒரு கோழியைப் பாதியாகச் சுருக்கிப் புழுதியில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கும். தோகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொண்டை மட்டும் உண்டு. விடிந்ததும் அது கத்துகிற கத்தலில் ஷிப்டு முடிந்து போகிறவர்கள்கூட ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள். "கவுதாரி படம் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "அது பாக்க ஒரு மாதிரி இருக்கு மேடம்" என்றாள் திவ்யா. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்கிற இந்தக் குற்றச்சாட்டோடு மல்லுக்கட்டியேதான் என் உத்தியோகக் காலம் கழிந்தது. அதனால் இரண்டு பக்கத்தில் நிறுத்துவதாக நான் இல்லை.

பெரிய படிப்புப் படித்துவிட்டுத் தோட்ட வேலைக்கு வந்தவள் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. சென்னீர்குப்பத்தில் ஒரு நர்சரியில், கறுப்பு பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பிக் குச்சி சொருகும் வேலையில் ஆரம்பித்தேன். அப்புறம் தபால் வழியில் ஒரு டிப்ளமா. அப்புறம் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் தோட்ட உதவியாளர், பிறகு மேற்பார்வையாளர். நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், திருநின்றவூரில் ஒரு வீடு, அங்கிருந்து தினமும் மின்சார ரயில். என் பெயர் ஆரோக்கியமேரி என்றாலும் ரயிலில் ஏறி இறங்குவதற்குள் அது மேரியாகத் தேய்ந்துவிட்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தின் வியாதி உப்பு. போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அதனால் கேன்டீன், கை கழுவும் இடம், கழிப்பறை என்று கம்பெனிக்குள் ஓடுகிற தண்ணீரெல்லாம் பின்பக்கச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், தொட்டி தொட்டியாக இறங்கித் தெளிந்து, கடைசியில் தோட்டத்துக்கு வரும். நாற்றம் இருக்காது, நிறம் இருக்காது. ஆனால் உப்பு மட்டும் எந்தத் தொட்டிக்கும் மசியாமல் கூடவே வந்துவிடும். ஊற்றிய தண்ணீரை வெயில் குடித்துவிடும், உப்பை மண் வைத்துக்கொள்ளும். கோடை வந்தால் பாத்தியெல்லாம் வெள்ளைவெள்ளையாகப் பூத்து நிற்கும்.

அந்த மண்ணில்தான் நான் வருடாவருடம் கொரியன் புல் பதித்தேன். பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து பாய் பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். மார்கழியில் பச்சை, மாசியில் மஞ்சள், சித்திரையில் பொக்கை வாய். பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி பதிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்போதும் பச்சையாக இருக்கும் தோட்டம் அது. எனக்கு மட்டும்தான் தெரியும், பிணத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. நான் நட்டது எதுவும் மறு வருடம் உயிரோடு இருந்ததில்லை. வெளியில் சிரித்துப் பேசினாலும் உள்ளுக்குள் அது என்னை அரித்தது.

எனக்கு மேலே இருந்தவர் நிர்வாகப் பிரிவு மேலாளர் பார்த்தசாரதி சார். நெற்றியில் மெல்லிய திருமண் கோடு, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. முடியாது என்றும் சொல்லமாட்டார். எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "அப்படியா" என்பார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டால் யோசிக்கிறார் என்று பொருள். சட்டைப் பையில் வைத்துவிட்டால் அந்த விஷயம் அடக்கமாகிவிட்டது என்று பொருள். அவரிடம் கையெழுத்துக்குப் போகிறவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். பனி ஈரத்தோடு இருக்கும் புல்லில் வெறுங்காலோடு நடந்தால் கண் பார்வை தெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்து, சாக்ஸை அதற்குள் திணித்து, பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, முன்பக்கப் புல்தரையில் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார். அதுதான் எனக்குத் தினசரி இன்ஸ்பெக்‌ஷன். மண்ணைப் பரிசோதிக்க மீட்டர் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், ஆனால் அவர் நம்பியது தன் உள்ளங்காலை. "மேரி, கேட்டுக்குப் பக்கத்துல சொரசொரங்கறதே" என்பார். போய்ப் பார்த்தால் அங்கே உப்பு ஏற ஆரம்பித்திருக்கும்.

முன்பக்கத்தை எப்படியோ ஒப்பேற்றினேன். பின்பக்கம், சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடுத்திருந்த வெற்றிடம் என் கையை மீறிப் போயிற்று. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் தேங்கும். அப்பளத்தைப் பொரித்துப் போட்ட மாதிரி மண் கிடக்கும். அதே நேரத்தில் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஆவடியிலும் திருமழிசையிலும் ஃபிளாட் வாங்கி, ஃபிளாட்டோடு காரும் வாங்கிவிட்டார்கள். காரை நிறுத்த இடம் இல்லாமல் காலையில் கேட்டில் தினமும் ரகளை. எல்லார் கண்ணும் அந்தப் பின்பக்க நிலத்தின்மேல் விழுந்தது.

"சிமெண்ட் போட்டுட்டா உங்களுக்கும் ஒரு தலைவலி குறையும் மேரி" என்றார் சார், பதமாக.

தலைவலிதான். ஆனால் அப்படிச் சொன்னபோது என்னைத் தோற்றவள் என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. வாய் முந்திக்கொண்டது. "சார், அடுத்த கோடை வரைக்கும் டைம் கொடுங்க. அங்க ஒண்ணும் வளரலைன்னா நானே நின்னு சிமெண்ட் போட வைக்கறேன்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். எதை நடுவேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

புல் கிடைத்தது எங்கள் ஊரில்தான். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஏரிப் பக்கமாக ஒரு மூலைத் தரை. அதுவும் உப்புப் பூத்த தரைதான். சுற்றியிருந்ததெல்லாம் வெயிலில் கருகிக் கிடக்க, ஒரு முரட்டுப் புல் மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக நின்றது. எத்தனையோ வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். நுனி ஊசி, ஓரம் ரம்பம். பிடித்து இழுத்ததில் விரலில் ரத்தம் வந்தது. இதுதான் நம் ஆள் என்று தோன்றிவிட்டது.

மழைக்காலம் தொடங்கியதும் வேரோடு தோண்டி, இரண்டு கட்டைப்பைகளில் அடைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் கூட்டம். என் பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாள் துள்ளிக் குதித்தாள்.

"இன்னாம்மா பையில, முள்ளம்பன்னியா?"

"புல்லுங்க. நடறதுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"ஊரே புல்லைப் புடுங்கிப் போட்டுக்கினு கீது, நீ டிக்கெட்டு வாங்கி அத்த கூட்டிக்கினு போறியா? நல்லா கீறே போ" என்றாள். பெட்டியே சிரித்தது. அம்பத்தூர் வருவதற்குள் எனக்கு நன்றாகக் காற்றோட்டமான இடம் கிடைத்துவிட்டது.

இப்போது திவ்யாவுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் நடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். உப்பு மண்ணில் முதலில் செய்ய வேண்டியது நடுவது அல்ல, சுரண்டுவது. மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொருக்கை மண்வெட்டியால் சீவி அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும். உள்ளேயே கொத்திவிட்டால் கதை முடிந்தது. பிறகு வரப்புக் கட்டி ஐப்பசி மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடியவிட வேண்டும், அதுவும் ஒரு மழையோடு போதாது. அடுத்து பார் பிடிப்பது, அதாவது மண்ணை நீள நீள மேடாக அணைப்பது. எல்லாரும் பாரின் உச்சியில் நடுவார்கள். உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஏறி உச்சிக்குத்தான் வந்து உட்காரும். ஆகவே பாரின் சரிவில், பாதி உயரத்தில் நட வேண்டும். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரைச் சாணிக் கரைசலில் முக்கி, சாய்வாக வைத்து மிதித்துவிட வேண்டும். யூரியாவைக் கண்ணிலும் காட்டக் கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் பாத்தியை உச்சியில் நட்டு மொத்தமாகச் சாகடித்த பிறகு, ஓரத்தில் தவறி விழுந்து பிழைத்திருந்த இரண்டு தூர்கள் சொல்லித் தந்தன.

என்னோடு வேலை செய்தவர் ஏகாம்பரம். அம்பத்தூர்க்காரர், என் வயதுதான், ஆனால் என்னை யக்கா என்பார். தோட்ட வேலையில் அவருக்குத் தெரிந்த ஒரே மதம் களையெடுப்பு. கையில் களைக்கொட்டு இருந்தால் எதிரில் நிற்பது எதுவாக இருந்தாலும் வேரோடு கிளம்பிவிடும். ஒரு நாள் உறவுக்காரக் கல்யாணத்துக்காக லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பிழைத்து நின்ற பாத்திகளில் ஒன்று மொட்டையாக இருந்தது. சீப்பு வைத்து வாரிய மாதிரி சுத்தம். பக்கத்தில் ஏகாம்பரம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்காக நின்றார்.

"யக்கா, ஒரே களை. முழுசா வலிச்சுப் போட்டேன். கையெல்லாம் கிழிச்சிருச்சு பாரு."

"ஐயோ, அதுதான்யா நாம நட்டது!"

"இதுவா? இந்தச் சனியனா?" குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமாகவே குழம்பிப்போய், "அப்ப களை இன்னாது யக்கா?" என்று கேட்டார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் குவியலைப் பிரித்து, அத்தனையையும் திரும்ப நட்டோம். தொண்ணூறு வயதுக் கிழவர் மாதிரி முனகிக்கொண்டே நட்டார். ஆனால் அதில் முக்கால்வாசி பிழைத்துக்கொண்டது. வேரோடு பிடுங்கி, வெயிலில் போட்டு, திட்டிக்கொண்டே நட்டாலும் வருகிற புல்லைப் பார்த்து ஏகாம்பரத்துக்கே மரியாதை வந்துவிட்டது. "யக்கா, இது நம்ம பேட்டை புல்லு" என்றார்.

தை மாதத்தில் முழங்கால் உயரம், பங்குனியில் இடுப்பு உயரம். பழுப்பும் பச்சையுமாக, கதிர் கதிராகப் பூத்தது. முதலில் சில்லைக் குருவிகள் விதை பொறுக்க வந்தன. கதிர்க்குருவி ஒன்று தாள்களை இழுத்துத் தைத்துக் கூடு கட்டியது. புழுவாக இருக்கும்போது புல்லைத் தின்கிற சின்னஞ்சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள் தாளுக்குத் தாள் தொங்கின. அரணை வந்தது, அரணையைத் தேடிக் கீரி வந்தது. கடைசியாக அந்தக் கவுதாரி ஜோடி. எங்கிருந்து வந்தன என்று தெரியாது. சுற்றிலும் லேத்து மெஷின் சத்தம், லாரி சத்தம். அதையெல்லாம் அடக்கிக்கொண்டு அவை கத்தின. ஏகாம்பரம் முதல் நாள் சொன்னது, "மெளகு போட்டு வறுத்தா சூப்பரா இருக்கும்." ஜெயிலுக்குப் போவாய் என்று சொல்லிவைத்தேன். ஜெயிலுக்குப் பயந்தாரோ எனக்குப் பயந்தாரோ, அடுத்த வாரமே பூனையைக் கல்லால் விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நாட்களில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

கோடை முடியும்போது பார்த்தசாரதி சார் பார்க்க வந்தார். பார்க்கிங் கேட்டவர்கள் நெருக்கியிருக்க வேண்டும். வரப்போரம் நின்று பார்த்தார். "ஒரு மாதிரி பழுப்பா இருக்கே மேரி" என்றார். அடுத்து அவர் செய்யப்போவது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஷூவைக் கழற்றினார். சாக்ஸைத் திணித்தார். பேண்ட்டை மடித்தார்.

"சார், வேண்டாம் சார், இது அந்தப் புல் இல்லை..."

இரண்டு அடிகூட வைத்திருக்கமாட்டார். "அம்மா!" என்று ஒரு அலறல். நொண்டிக்கொண்டே வரப்பில் வந்து உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் ஒரு நுனி ஒடிந்து நின்றது. அதைப் பிடுங்கி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. விஷப் புல்லை வளர்த்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"மேரி, இது தர்ப்பை."

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் குருத்தோலை தெரியும். தர்ப்பையைக் கடையில் காய்ந்த கட்டாகத் தொங்கும்போது பார்த்ததோடு சரி. அது முளைத்து நிற்கும்போது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அவரோ, "மிதிச்சுட்டேனே, மிதிச்சுட்டேனே" என்று புல்லைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தன் பங்குக்கு, "நான் வேரோட புடுங்கியே போட்டேன் சார், ஒண்ணும் ஆவலை" என்று ஆறுதல் சொன்னார்.

அன்றே பார்க்கிங் பேச்சு நின்றது. இனி அந்த இடத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணையும் பறவையையும் பற்றி நான் சொல்லிய எதுவும் செய்யாததை ஒரு முள் குத்திச் சாதித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன், தர்ப்பைக்காக.

ஆனால் சாமிப் புல் என்று பெயர் வாங்கிய பிறகுதான் அதற்கு நிஜமான ஆபத்து வந்தது. விஷயம் கம்பெனி முழுக்கப் பரவியது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர், யாருடைய மாமனாருக்கோ ஒரு கட்டு என்று தினமும் ஆள் வந்தது. ஆவணி அமாவாசையன்று பறிக்கிற தர்ப்பை வருடம் முழுக்க ஆகும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம். சார் தன் குடும்ப வாத்தியாரிடம் சொல்லி, அன்று காலை அவர் வந்து மந்திரம் சொல்லி ஆரம்பித்து வைக்க, வேண்டியவர்கள் எல்லாரும் அறுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கவுதாரி புல்லுக்கு நடுவே தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. சாரிடம் ஓடினேன்.

"சார், ஒரு கொஞ்ச நாள் தள்ளி வெச்சுக்கலாமா? பறவை உட்கார்ந்திருக்கு."

"கவுதாரிக்காக அமாவாசையைத் தள்ளிப் போட முடியுமா மேரி?" என்றார் வருத்தமாக. "நடுவுல கயிறு கட்டிடுங்கோ. யாரும் உள்ள போகமாட்டா."

கயிறா? அன்னதானத்தில் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு சாக்குப் பையோடு வரப்போகிறார்கள். ஒரு மணி நேரத்தில் முழு நிலமும் மொட்டையாகிவிடும், முட்டை கூழாகிவிடும். அதைத் தடுக்க என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அந்தப் புல் குடிக்கிற தண்ணீர் எது என்கிற வார்த்தை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தர்ப்பை என்று தெரிந்த பரவசத்தில் பக்கத்திலேயே தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்ததை எல்லாரும் மறந்திருந்தார்கள். ஞாபகப்படுத்தினால் ஒருத்தரும் கத்தியைத் தொடமாட்டார்கள். ஆனால் புனிதம் போனால் அதோடு பாதுகாப்பும் போகும். மறு வாரம் சிமெண்ட் லாரி வந்து நிற்கும். சொன்னால் முட்டை பிழைக்கும், நிலம் போகும். சொல்லாவிட்டால் நிலம் இருக்கும், அதில் குடியிருப்பது சாகும். வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அமாவாசை காலை. வாத்தியார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், மடியில் சின்ன அரிவாள். அவருக்குப் பின்னால் பைகளோடு ஒரு கூட்டம், ரேஷன் கடை வரிசை தோற்றது. ஏகாம்பரம் கயிற்றுக்குப் பக்கத்தில் களைக்கொட்டைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். வாத்தியார் அவசரப்படவில்லை. முறையாக ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"மயானம் ஏதும் பக்கத்துல இல்லையே? நடக்கற பாதை இல்லையே? புத்து?"

"இல்லை, இல்லை" என்று கூட்டமே பதில் சொன்னது.

"ஜலம் எங்கேர்ந்து வர்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதில்லை, நன்றாகவே வரும். மழைத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். புல்லுக்குள்ளிருந்து அந்தக் கவுதாரி மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. அடைகாக்கும்போது அது கத்தாது, ஆள் நெருங்கினால் தொண்டைக்குள் முனகும்.

"சுத்திகரிச்ச தண்ணி சாமி" என்றேன்.

"எதைச் சுத்திகரிச்சது?"

"கேன்டீன்ல... கை கழுவுற இடத்துல..."

"அப்புறம்?"

"அப்புறம் மத்ததும்."

நான் இழுத்ததை ஏகாம்பரம் தாங்கமாட்டாமல் முடித்து வைத்தார். "கக்கூஸ் தண்ணி சாமி. ஆனா படா கிளீனா பில்டர் பண்ணி உடறாங்க. நானே அதுல மூஞ்சி கழுவிக்கினு கீறேன், ஒண்ணும் ஆவலை."

கணக்குப் பிரிவுக்காரர் சாக்கை மடித்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முன்னால் நின்று ஒரு தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடி நின்றாள். வாத்தியார் கோபிக்கவில்லை. அரிவாளைத் திரும்ப மடியில் சொருகினார். "இது ஆகாது. கேட்டதும் சொன்னேளே, அது போறும் அம்மா. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு இடம் இருக்கு, நாழியாறது" என்று ஸ்கூட்டரை உதைத்தார். கூட்டம் அவர் பின்னாலேயே கலைந்தது. முட்டைகள் அந்த வாரமே பொரிந்தன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோவேன்.

பார்த்தசாரதி சார் மட்டும் போகவில்லை. சுத்திகரிப்புத் தொட்டியின் மேடையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. நேராகச் சட்டைப் பையில் வைத்தார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பாடுபட்டு உயிரோடு நிறுத்திய ஒரே நிலம். அதையும் என் வாயாலேயே கெடுத்தேன்.

"போன ஆடி அமாவாசைக்கு நானே வந்து இதுலேர்ந்துதான் பறிச்சுண்டு போனேன் மேரி" என்றார். "யார்கிட்டயும் சொல்லலை. எங்கப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணினது இந்தத் தர்ப்பையிலதான்."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "சார், நீங்க எடுத்தது எனக்குத் தெரியாது சார்..."

"எங்கப்பா என்ன வேலை பார்த்தார் தெரியுமோ?"

"தெரியாது சார்."

"என் கல்யாணப் பத்திரிகையிலகூட அவர் வேலையை வாட்டர் டிபார்ட்மெண்ட்னுதான் போட்டோம். பொய்யில்லை. வீட்டுக்குள்ள வர்ற வாட்டர் இல்லை, வெளியில போற வாட்டர். சாக்கடைத் தண்ணியைத் தள்ளற பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டர். சாயங்காலம் வந்தா கொல்லைப் பக்கமா வந்து நிப்பார். அம்மா ரெண்டு வாளி ஊத்தினப்புறம்தான் உள்ள விடுவா. சாப்பிட உட்கார்ந்து, முதல் கவளம் எடுக்கறதுக்கு முன்னாடி கையை மோந்து பார்ப்பார். சாகற வரைக்கும் அப்படித்தான். எங்களை மூணு பேரையும் படிக்க வெச்சது அந்தத் தண்ணிதான். ஒரு சொந்தக்காராளுக்கும் சொன்னதில்லை."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"இத்தனை வருஷமா கடைத் தர்ப்பையைப் போட்டுக் கூப்பிட்டேன். எங்க கூப்பிடறான் பையன்னு தேடித் தேடி வந்திருப்பார், பாவம். போன அமாவாசைக்குத்தான் வாசனை பிடிச்சுண்டு நேரா வந்திருப்பார்."

நானும் சிரித்தேன், எனக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், அப்போ பார்க்கிங்?"

"வேற எடம் பாக்கச் சொல்லுங்கோ. எனக்கு இன்னிக்கு அரை நாள் லீவு" என்று எழுந்தார். வரப்போரமாகவே குனிந்து, கை கிழியாமல் பார்த்துப் பார்த்துத் தனக்கு வேண்டிய நாலைந்து தாளை மட்டும் பறித்துக்கொண்டு, அப்பாவுக்குத் தண்ணீர் விட வீட்டுக்குப் போனார்.